பாலக்காட்டுக் கணவாயும் வான்வழி வரைபடத்தின் நம்பகத்தன்மையும்

நிலத்தைக் கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானி, கீழே தெரிவதையும் மடியில் விரித்த தாளையும் ஓயாது ஒப்பிட்டபடி செல்கிறார். பிறந்து வளர்ந்த ஊரின் மேல் பறக்கும்போது தாள் பொய் சொன்னாலும் கண் திருத்திவிடும். அயல்நாட்டின் மேல் பறப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. மலையின் உயரம், ஆற்றின் போக்கு, இருப்புப்பாதை பிரியும் இடம் ஆகிய யாவற்றுக்கும் அவர் முன்பின் அறியாத ஒருவரின் அளவையையே நம்ப வேண்டும். ஆகவே அயல்நாட்டில் பறக்க எந்த வரைபடத்தைத் தேர்வது என்பது விமானிகளின் நடைமுறைக் கேள்வியாகத் தோன்றினாலும், அடிப்படையில் அது ஒரு வரலாற்றுக் கேள்வி: இந்தத் தாளை வரைந்தவர் யார், எதற்காக, எப்போது அளந்து வரைந்தார்? இக்கேள்வியின் ஆழத்தைக் காட்டப் பாலக்காட்டுக் கணவாயைப் போலப் பொருத்தமான நிலப்பகுதி தென்னிந்தியாவில் வேறில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே இறங்கிவரும் வழியில் ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்துக்கு அறுபட்டுக் கிடப்பதே இக்கணவாய். இதன் தரை கடல்மட்டத்திலிருந்து 140 மீட்டர் அளவே உயர்ந்தது. வடக்கே நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமலைத் தொகுதியைச் சேர்ந்த ஆனைமுடி 2,695 மீட்டர். மழைக்காலத்தில் மேகம் இரு புறத்து மலைகளையும் மூடிவிட, நடுவே தாழ்ந்த வாயில் மட்டும் திறந்திருப்பதுண்டு. அவ்வாயிலின் மேற்குப் பகுதியில், பாலக்காட்டு நகரை ஒட்டி, ஆற்றங்கரையில் அமைந்தது கல்பாத்தி. தஞ்சைப் பகுதியிலிருந்து கணவாய் வழியே வந்து குடியேறிய தமிழ் அந்தணர்களின் அக்கிரகாரங்களும், 1425ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கூறப்படும் விசுவநாதசுவாமி கோயிலும், ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்ற வழக்கும் ஊருக்குப் பெயர் தந்தவை. மக்களையும் மாட்டு வண்டிகளையும் நூற்றாண்டுகளாகக் கடத்திவிட்ட அதே வாயில், இருபதாம் நூற்றாண்டில் வானூர்திக்கும் இயல்பான வழியாயிற்று.

இந்நிலத்தை முதலில் அளந்தவர்கள் வானூர்தியைக் கனவிலும் கண்டவர்கள் அல்லர். 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இரு படை அதிகாரிகள் திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்து படமும் விரிவான குறிப்பும் எழுதினர். அவர்கள் நோக்கம் ஆட்சியும் வருவாயும் படைநடையும். எந்த ஊரில் எத்தனை வீடு, எந்த ஆற்றை எங்கே கடக்கலாம், எந்த மலைப்பாதையில் சுமைமாடு ஏறும் என்பனவே அவர்களுக்கு முதன்மையான செய்திகள். மலையின் உச்சி அவர்களுக்குக் கோணம் அளக்க உதவும் புள்ளி. அதன் மேல் ஒருவர் மோதக்கூடும் என்ற எண்ணத்துக்கே அன்று இடமில்லை.

1904–05ஆம் ஆண்டின் இந்திய நில அளவைக் குழு, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் நாடு முழுவதையும் புதிதாக வண்ணத்தில் வரையப் பரிந்துரைத்தது. அதையொட்டி வளர்ந்த தாள் எண்முறை இன்றும் வழக்கில் உள்ளது. பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் அமைந்த 58ஆம் தாள், வடக்கு அட்சரேகை 8 முதல் 12 வரையும் கிழக்குத் தீர்க்கரேகை 76 முதல் 80 வரையும் கொண்டது. அதன் உட்பிரிவான 58 பி தாளில் கல்பாத்தி இருக்கிறது. ஆனால் அங்கிருந்து நேர்கோட்டில் 80 கி.மீ. அளவே தள்ளியுள்ள ஆனைமுடி அத்தாளில் இல்லை. 77ஆம் தீர்க்கரேகைக்குச் சற்றே கிழக்கே அமைந்ததால் அது 58 எஃப் தாளுக்குப் போய்விடுகிறது. இடுக்கி அணையோ 58 சி தாளில். பாலக்காட்டுத் தாளை மட்டும் கையில் வைத்திருப்பவர், தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம் தம் தாளின் ஓரத்துக்கு அப்பால் சில கிலோமீட்டரில் நிற்பதை அறியமாட்டார். வரைபடத்தின் ஓரம் நிலத்தின் ஓரமன்று என்பது எளிய உண்மை; மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் செல்பவர் அதை நினைவில் வைத்திருப்பது எளிதன்று.

வானூர்தி வந்தபின் வரைபடத்தின் பயனாளர் மாறினார். 1919ஆம் ஆண்டின் பாரிஸ் வான்பயண உடன்படிக்கை, பன்னாட்டு வான்வழி வரைபடங்களுக்கெனத் தனி இணைப்பு ஒன்றையே கொண்டிருந்தது. நாடு விட்டு நாடு பறப்பவர் ஒரே குறியீட்டு மொழியைப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் உருப்பெற்றது. எனினும் எண்ணத்துக்கும் கையில் கிடைக்கும் தாளுக்கும் இடைவெளி நீண்டநாள் இருந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சலைக் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு எடுத்துச் சென்றார். 1935 அக்டோபர் இறுதியில் டாட்டா நிறுவனத்தின் வானூர்தி திருவனந்தபுரத்தை எட்டியது. அக்காலத்தில் இவ்வழிகளில் தரையிலிருந்து வழிகாட்டும் வானொலிக் கருவிகள் அரிது. கடற்கரையும் ஆறும் இருப்புப்பாதையுமே வழிகாட்டிகள்.

அதே 1935இல் நடந்த மற்றொரு பறத்தல் இப்பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. நவம்பர் 27 அன்று சென்னைப் பறத்தல் கழகத்தின் தலைமைப் பயிற்றுநரான டின்டேல்-பிஸ்கோ, பஸ் மாத் வகைச் சிறு வானூர்தியைக் கொழும்பை அடுத்த இரத்மலானைக்கு ஓட்டிச் சென்று, அங்குப் புதிதாக அமைந்த நிலையத்தில் முதலாவதாக இறங்கினார். சென்னையிலிருந்து கொழும்பு, கடல் கடந்த அயல்நாட்டுப் பயணம். மேலே குறித்த 58ஆம் தாளை எடுத்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும். தாளின் கிழக்கு ஓரமான 80ஆம் தீர்க்கரேகை யாழ்ப்பாணக் குடாநாட்டை ஊடறுத்துச் செல்கிறது. யாழ்ப்பாண நகரம் அந்தக் கோட்டுக்குச் சற்றே கிழக்கில் உள்ளது. பாக் நீரிணையைக் கடந்து வரும் விமானி, கரை தெரியும் நேரத்தில், எந்த இடத்தில் உறுதி வேண்டுமோ அதே இடத்தில், தாளை மாற்ற வேண்டியவராகிறார்.

தாள் மாறும்போது அளவையின் அடிப்படையும் மாறுகிறது. இந்திய அளவையும் இலங்கை அளவையும் எவரெஸ்டின் 1830ஆம் ஆண்டுப் புவி உருவத்தையே பின்பற்றின. ஆனால் இந்தியாவின் தொடக்கப்புள்ளி மத்திய இந்தியாவின் கல்யாண்பூர், இலங்கையினது கண்டவல. இருவேறு தொடக்கப்புள்ளிகளிலிருந்து கணக்கிட்ட அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒரே இடத்துக்கு அச்சொட்டாக ஒரே எண்ணைத் தருவதில்லை. கண்ணால் பார்த்துப் பறந்த காலத்தில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றவில்லை; கலங்கரைவிளக்கம் தெரிந்தால் போதும். செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவி வந்தபின் அது பெரிதாயிற்று. பன்னாட்டு வான்பயண அமைப்பு 1998 சனவரி 1 முதல் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் பொதுப் புவி உருவத்தைக் கட்டாயமாக்கியது. பழைய இந்தியத் தாளில் கல்பாத்திக்குக் குறித்த எண்களை இன்றைய கருவியில் மாற்றமின்றி இட்டால், கருவி காட்டும் இடம் உண்மையான இடத்திலிருந்து நூறு மீட்டருக்கும் மேல் விலகும். சமவெளியில் அது பிழை. குறுகிய மலைப்பள்ளத்தாக்கில் அது விபத்து.

இரண்டாம் உலகப் போர் வரைபடத்தைப் பொதுச்சொத்தாகவும் படைக்கலமாகவும் ஒருங்கே ஆக்கியது. உலகம் முழுவதையும் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் வான்வழித் தாள்களாக அமெரிக்கப் படை வெளியிட்டது. போருக்குப் பின் பன்னாட்டு வான்பயண அமைப்பு 1948இல் ஏற்ற நான்காம் இணைப்பு அந்த அளவைப் பொதுத்தரமாக்கி, ஐந்து லட்சத்துக்கு ஒன்று என்ற நுண்தாளுக்கும் இடம் தந்தது. தன் நிலத்துக்கான தாளைத் தானே வரைவதோ பிறரைக் கொண்டு வரைவிப்பதோ ஒவ்வோர் உறுப்புநாட்டின் பொறுப்பு என்ற கொள்கையும் அதில் நிலைபெற்றது. அதன் பொருள் நுட்பமானது: நம்பகத்தன்மை என்பது தாளின் அழகையோ வரைந்தவரின் புகழையோ பொறுத்ததன்று, தவறினால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அரசு அதன் பின்னால் நிற்கிறதா என்பதைப் பொறுத்தது. 1951இல் வி. சுந்தரமும் அவர் துணைவியார் உஷா சுந்தரமும், சென்னை மாகாண அரசு வாங்கிய டி ஹாவிலண்ட் டவ் வானூர்தியை இலண்டனிலிருந்து பாக்தாத், கராச்சி வழியாகப் பம்பாய்க்கு ஏறத்தாழ 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தனர். அவர்கள் கடந்த நாடுகளை எண்ணிப் பார்த்தால், எத்தனை அரசுகளின் அளவையை ஒரே பயணத்தில் அடுத்தடுத்து நம்ப வேண்டியிருந்தது என்பது புலப்படும்.

நம்பகத்தன்மையை அரிக்கும் முதற்காரணி காலம். கல்பாத்தி ஆற்றின் மேற்பகுதியில், ஊருக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், மலம்புழா அணை 1949இல் தொடங்கி 1955இல் முடிந்தது. இருபது சதுர கி.மீ.க்கும் மேல் பரந்த அதன் நீர்த்தேக்கம் இன்று அப்பகுதியில் வானிலிருந்து எளிதில் அடையாளம் காணத்தக்க பொருள்களுள் ஒன்று. 1955க்கு முந்தைய தாளில் அந்த இடத்தில் வயலும் ஓடையும் மட்டுமே. அத்தாளோடு வரும் அயலார் கீழே பெரும் நீர்ப்பரப்பைக் கண்டால், தாள் பழையது என்று எண்ணுவதைவிடத் தாம் வழிதவறிவிட்டோம் என்று எண்ணவே வாய்ப்பு அதிகம். பின்பு சரியான வழியை விட்டு இல்லாத வழியைத் தேடத் தொடங்குவார். இருப்புப்பாதையும் அப்படியே. 1860களின் தொடக்கத்தில் கணவாய் வழியே அமைந்தது ஒரே பாதை. 1932இல் பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு இன்னொன்று பிரிந்தது. பழைய தாளில் ஒரே கோடு, நிலத்தில் இரண்டு. ஒன்று கோயம்புத்தூர்ச் சமவெளிக்குச் செல்லும். மற்றது ஆனைமலையின் அடிவாரத்தை நெருங்கும். அண்மைப் பத்தாண்டுகளில் கஞ்சிக்கோட்டிலும் கிழக்கே உடுமலைப் பகுதியிலும் காற்றாலைகள் எழுந்தன. கணவாயின் காற்றே அவற்றை அங்கு வரவழைத்தது. தாழப் பறப்பவரையும் அதே தாழ்ந்த வாயிலே அழைக்கிறது.

இரண்டாம் காரணி மறைப்பு. 1950களில் அமெரிக்கப் படையின் வரைபடப் பிரிவு, இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்களை அடிப்படையாகக் கொண்டு, இரண்டரை லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் யு502 என்னும் தொகுதியை வெளியிட்டது. அது இன்று டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் வழியாக யாருக்கும் கிடைக்கிறது. இந்தியாவிலோ, விடுதலைக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் கடற்கரையையும் எல்லையையும் ஒட்டிய ஏறத்தாழ 80 கி.மீ. பட்டையின் விரிவான தாள்கள் கட்டுப்பாட்டுக்கு உள்ளாயின. கல்பாத்தியிலிருந்து அரபிக்கடல் நேர்கோட்டில் 80 கி.மீ.க்கும் குறைவு. ஆகவே புதிய அளவை செய்த நாட்டில் புதிய தாள் கிடைப்பது அரிதாகவும், அதன் பழைய நகல் கடல் கடந்த நாட்டில் தடையின்றிக் கிடைப்பதாகவும் ஒரு விந்தையான நிலை உருவாயிற்று. எளிதில் கிடைக்கும் தாளையே மக்கள் நம்பினர். 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கான தாள்களையும் பாதுகாப்புத் துறைக்கான தாள்களையும் தனித்தனியே பிரித்தது. 2021 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டுதல்கள் பெரும்பாலான தடைகளைத் தளர்த்தின. இவற்றோடு எல்லைச் சட்டமும் உண்டு. 1961ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டமும் அதன் பின்னைய திருத்தமும், நில அளவைத் துறையின் படத்தோடு ஒவ்வாத இந்திய வரைபடத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கின. மலையின் உயரத்தைச் சரியாகக் காட்டும் தாள் எல்லைக்கோட்டால் சட்டத்துக்குப் புறம்பாகலாம். எல்லைக்கோடு சரியான தாள் உயரத்தில் பழையதாக இருக்கலாம். இவ்விரு சரிகளையும் ஒன்றென மயங்கக் கூடாது.

மூன்றாம் காரணி அலகு. 1956ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்துக்குப் பின் இந்திய நில அளவைத் தாள்கள் படிப்படியாக மீட்டருக்கு மாறின. வான்பயணமோ பெரும்பாலான நாடுகளில் இன்றும் உயரத்தை அடியிலேயே கணக்கிடுகிறது. ஆனைமுடிக்கு நேராக 2695 என்ற எண்ணைக் கண்டு அதை அடி என்று கொண்டவர், 4,500 அடியில் பறந்தால் சிகரத்துக்கு மேல் 1,800 அடி இடைவெளி உண்டென்று நம்புவார். உண்மையில் சிகரம் 8,842 அடி. அவர் உச்சிக்கு நாலாயிரம் அடிக்கும் கீழே பறந்துகொண்டிருப்பார். தாளில் ஒரு பிழையும் இல்லை. தாளின் விளிம்பிலுள்ள ஒற்றைச் சொல்லைப் படிக்காததே பிழை.

இம்மலைகள் எத்தகையவை என்பதை 1950 டிசம்பர் 13 காட்டியது. அன்று ஏர் இந்தியாவின் டகோட்டா ஒன்று நீலகிரியில் கோத்தகிரிப் பகுதி மலையில் மோதி, அதில் இருந்த அனைவரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் புள்ளியியல் அறிஞர் ஆபிரகாம் வால்ட். இந்தியாவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தவர். போர்க்காலத்தில், சண்டையிலிருந்து திரும்பிய வானூர்திகளின் குண்டுத்துளைகளை ஆராய்ந்தவர் அவர். திரும்பியவற்றில் துளை காணப்படாத பகுதிக்கே கவசம் தேவை, ஏனெனில் அங்கே அடிபட்டவை திரும்பவில்லை என்னும் கருத்தோடு அவர் பெயர் இன்றும் இணைத்துப் பேசப்படுகிறது. அவர் மறைந்த விபத்துக்கு வரைபடம் காரணம் என்று கொள்ளத் தேவையில்லை. ஆனால் அவர் கற்பித்த பாடம் வரைபடத்துக்கும் பொருந்தும். தாளில் இருப்பதை எல்லோரும் படிப்பர். இல்லாததைப் படிப்பதற்கே பயிற்சி வேண்டும். சமஉயரக்கோடு நின்றுபோகும் இடம், உயரம் குறிக்கப்படாத வெள்ளைப் பகுதி, அளவை முழுமையற்றது என்று சிற்றெழுத்தில் சொல்லும் குறிப்பு ஆகியவையே தேர்வின்போது முதலில் பார்க்கத்தக்கவை.

இவற்றிலிருந்து தேர்வுக்கான அளவுகோல்கள் தாமே திரள்கின்றன. முதலில், அந்நாட்டு அரசு வான்பயணத்துக்கென வெளியிட்ட அண்மைப் பதிப்பே அடிப்படை. பிறநாட்டுத் தாளும் படைத்துறை நகலும் துணை மட்டுமே. அடுத்து, பதிப்பாண்டையும் நில அளவை செய்த ஆண்டையும் பிரித்தறிய வேண்டும். புதிய அச்சில் பழைய அளவை ஒளிந்திருப்பது வரைபட உலகில் வழக்கம். மூன்றாவது, அலகும் புவி உருவமும். நான்காவது, பாதையின் இரு புறத்துத் தாள்களும் கையில் இருத்தல்: கோழிக்கோட்டிலிருந்து கணவாய்க்கு வருபவர் 49ஆம் தாளில் புறப்பட்டு 58ஆம் தாளில் நுழைகிறார் என்பதைப் புறப்படும் முன்பே அறிந்திருக்க வேண்டும். இறுதியாக, எத்தாளும் அச்சான நாளிலிருந்தே பழையதாகத் தொடங்குகிறது. 28 நாளுக்கு ஒருமுறை வரும் பன்னாட்டுத் திருத்தச் சுழற்சியும், நோட்டாம் எனப்படும் அன்றாட அறிவிப்புகளும் அம்முதுமையை ஈடுசெய்ய ஏற்பட்டவை. திரையில் நகரும் மின்வரைபடம் இக்கடமைகளில் எதையும் நீக்கவில்லை. தாளின் ஓரத்தைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டதால், எது எந்த ஆண்டின் அளவை என்ற ஐயமே எழாதபடி செய்துவிட்டது. அவ்வகையில் அது கூடுதல் எச்சரிக்கையைக் கோருகிறது.

வரலாற்று மாணவர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஆவணக்காப்பகத்தில் பழைய நிலப்படத்தை விரிப்பவரும் ஒருவகையில் அயல்நாட்டின் மேல் பறப்பவரே. அவர் தவறினால் ஓர் அடிக்குறிப்பு தவறும். விமானி தவறினால் உயிர் போகும். அந்த வேறுபாடே விமானிகளின் கேள்விகளைக் கூர்மையாக்கியது. யார் அளந்தார், எதற்காக, எந்த ஆண்டில், எந்த அலகில், எதை விட்டுவிட்டார் என்ற ஐந்தையும் கேளாமல் எந்தத் தாளையும் சான்றாகக் கொள்ளாத பழக்கம், வானூர்தி அறையில் உயிர்த்தேவையால் உருவானது. ஆய்வறையில் அதை விரும்பியே ஏற்றுக்கொள்ளலாம்.